பிரேசிற் பேரரசின் மருகன்

அரச குலங்களிடை நிகழும் மணவினை இருவரைப் பிணைப்பதோடு அமையாது, ஒரு நாட்டின் விதியையும் மாற்றிவிடுவதுண்டு. முடிக்குரிய பெண்ணை மணந்து அவள் நாட்டிற் குடிபுகும் அந்நியனின் நிலையோ மிக இடர்ப்பாடானது. பிரான்சிய மன்னன் லூயி பிலிப்பின் பேரனாகிய கஸ்தோனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1842 இற் பிறந்த கஸ்தோன் ஐந்து வயதுப் பாலகனாயிருந்தபோது, 1848 ஆம் ஆண்டுப் புரட்சி பாட்டனின் முடியைப் பறித்தது. குடும்பம் இங்கிலாந்திற் புகலடைந்தது. நாடிழந்த இளவரசன் பின்னர் இசுப்பானியப் படையிற் சேர்ந்து மொறோக்கோப் போரிற் பங்குபற்றினான். அக்காலத்தில், உயிருடன் ஆண்மக்கள் எவரும் இல்லாத பிரேசிற் சக்கரவர்த்தி இரண்டாம் பேதுரு தம் புதல்வியர் இருவருக்கும் ஐரோப்பாவில் வரன் தேடினார். 1864 செப்டெம்பரிற் கஸ்தோனும் அவன் அத்தை மகன் ஒகஸ்தும் றியோ டி ஜெனீரோவை அடைந்தனர். மூத்தவள் இசபெலுக்கு ஒகஸ்து, இளையவள் லியோபோல்தினாவுக்குக் கஸ்தோன் என்பதே முதலெண்ணம். நேரிற் கண்டபின் கன்னியர் மனம் வேறாயிற்று. தந்தையும் அதற்கு இசைந்தார். ஒக்டோபர் 15 ஆந் திகதி கஸ்தோன் இசபெலை மணந்தான்.

அவ்வாண்டின் இறுதியிற் பராகுவேப் போர் மூண்டது. களஞ்செல்லப் பன்முறை வேண்டியும் பெறாத அனுமதி, தலைநகர் அசுன்சியோன் வீழ்ந்தபின், 1869 இலேயே தலைமைப் பதவியாகக் கிட்டியது. அதே ஆண்டில் அவன் வற்புறுத்தலால் பராகுவேயின் இடைக்கால அரசு அடிமை முறையை ஒழித்தது. ஆயினும் ஓகஸ்து 16 இல் அக்கொஸ்தா நியூக் களத்தில் அவன் படை எதிர்கொண்டவருட் பலர் சிறுவர். அந்நாளையே பராகுவே மக்கள் சிறுவர் தினமாகக் கொள்கின்றனர். புகழும் பழியும் ஒரே படையெடுப்பில் விளைந்தன.

சக்கரவர்த்தி பிறநாடு சென்றிருந்த காலங்களில் இசபெல் ஆட்சிப் பொறுப்பேற்றாள். அடிமைத் தாயர் வயிற்றிற் பிறக்கும் மக்களுக்கு விடுதலையளித்த 1871 ஆம் ஆண்டுச் சட்டமும், அடிமை முறையை முற்றாக ஒழித்த 1888 மே 13 ஆந் திகதிச் சட்டமும் அவள் ஒப்பம் பெற்றவை. இழப்பீடு பெறாத நிலக்கிழார் பலர் முடியாட்சியைக் கைவிட்டனர். எதிர்த்தோரின் கணைகளோ கணவன்மேற் பாய்ந்தன. பிரான்சிய ஒலி கலந்த அவன் பேச்சு எள்ளப்பட்டது. இசபெல் முடிசூடின் ஆள்பவன் அந்நியனே என்ற அச்சம் பரப்பப்பட்டது. உண்மையில் மாமனார் அவனை அரசியலாலோசனைகளிற் பெரிதும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதிகாரம் இல்லாதிருந்தும் அதிகாரத்துக்குரிய பழியை அவன் சுமந்தான். பெண்ணொருத்தி தன் அறிவால் ஆள்வாள் என நம்ப மறுத்த மனப்பாங்கே இதற்கு வேராகும்.

1889 நவெம்பர் 15 இற் படையினர் குடியரசை நிறுவினர். அரச குடும்பம் நாடுகடத்தப்பட்டது. 1920 இல் அத்தடை நீங்க, அடுத்த ஆண்டு மாமனார், மாமியார் பூதவுடல்களைக் கஸ்தோன் பிரேசிலுக்குக் கொணர்ந்தான். நோயுற்ற இசபெல் உடன்வர இயலாது, 1921 நவெம்பரிற் பிரான்சில் மறைந்தாள். 1922 இற் சுதந்திர நூற்றாண்டு விழாவுக்காகப் பிரேசில் நோக்கிப் பயணமானவன் ஓகஸ்து 28 இற் கப்பலிலேயே உயிர்நீத்தான். 1971 முதல் இருவரும் பெத்துறோப்பொலிசுப் பேராலயத்தில் அடக்கம் பெற்றுள்ளனர்.

வாழ்நாளில் அந்நியனென ஒதுக்கிய நாடு இறந்தபின் இடமளித்தது. மருகனை மதிப்பிடும் வரலாற்றாசிரியன் அவன் பிறந்த மண்ணை நோக்காது, செய்த வினைகளையே, நல்லனவும் தீயனவும் ஒருங்கே, நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.