தண்ணீரும் எண்ணெயும் பார்த்துப் போர் நடத்தியவர்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதன் இயற்கை அமைப்பைத்தான் புகழ்வார்கள். குன்றுகள் சூழ்ந்த உள்துறை, கரையோரம் வரை ஆழம், எந்தப் பருவக்காற்றுக்கும் அடங்கி நிற்கும் நீர். புகழ்ச்சியில் பிழையில்லை. ஆனால் இத்தனை அரணும் இருந்தும் 1942 ஏப்ரலில் பிரித்தானியரால் தங்கள் கப்பல்களை இங்கே நிம்மதியாக நிறுத்தி வைக்க முடியவில்லை. இரண்டே ஆண்டில் இதே துறையிலிருந்து புறப்பட்டுச் சாவகம் வரை சென்று தாக்கிவிட்டுத் திரும்பினார்கள். குன்றும் ஆழமும் அப்படியேதான் இருந்தன. இடையில் சேர்ந்தவை எண்ணெய், விமானங்கள், பழகிய ஆட்கள். அந்த இரண்டு நிலைமைகளையும் ஒரே தளபதி பார்த்தார். அவர் அட்மிரல் சேர் ஜேம்ஸ் சோமர்வில்.

1882இல் பிறந்த சோமர்வில் பீரங்கி வழியாக மேலே வந்தவர் அல்லர். கம்பியில்லாத் தந்தி அவருடைய துறை. முதலாம் உலகப் போரில் கலிப்பொலியில் செய்த பணிக்காகப் பதக்கம் பெற்றார். போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் அவர் வகித்த பதவிகளைப் பார்த்தால் இவர் போர்வீரரா, வாத்தியாரா என்று கேட்கத் தோன்றும். கடற்படைத் தலைமையகத்தில் சமிக்ஞைப் பிரிவின் பணிப்பாளர், இலண்டன் பேரரசுப் பாதுகாப்புக் கல்லூரியில் போதனாசிரியர், போர்ட்ஸ்மவுத் கடற்படை முகாமின் பொறுப்பதிகாரி, பிறகு மாலுமிகளின் சம்பளம், விடுப்பு, நலன் ஆகியவற்றைக் கவனிக்கும் பிரிவின் தலைவர். 1931இல் இன்வர்கோர்டனில் சம்பளக் குறைப்பை எதிர்த்து மாலுமிகள் வேலைக்கு வர மறுத்த பின் வந்தவை கடைசி இரண்டு பதவிகளும். மாலுமியின் வயிறும் மனமும் கப்பலின் இயந்திரத்துக்கு ஒப்பானவை என்பதை அவர் அலுவலக மேசையிலிருந்தே கற்றுக்கொண்டார்.

1938இல் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக வந்தபோதே திருகோணமலை அவருக்குப் பழக்கமாகிவிட்டது. காசநோய் என்று சொல்லி 1939இல் திருப்பி அனுப்பி ஓய்வும் கொடுத்தார்கள். போர் தொடங்கியதும் ஓய்வு எங்கே? றேடார் வேலை, டன்கேர்க் மீட்பு, பிறகு ஜிப்ரால்டரில் 'எச்' படையின் தலைமை. 1940 ஜூலை 3இல் மெர்ஸ்-எல்-கெபீரில், நேற்று வரை தோழராக இருந்த பிரெஞ்சுக்காரரின் கப்பல்களைச் சுடும்படி வந்த உத்தரவை மனமில்லாமல் நிறைவேற்றினார். ஏறத்தாழ 1,300 பிரெஞ்சு மாலுமிகள் மடிந்தனர். அதன் கசப்பை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவர் மறைக்கவில்லை. மால்டாத் தீவுக்கு உணவும் எரிபொருளும் கொண்டுபோன வணிகக் கப்பல்களுக்குக் காவல் சென்றதும் அந்தக் காலத்தில்தான். 1941 செப்டம்பரில் ஒன்பது சரக்குக் கப்பல்களில் எட்டைச் சேதமில்லாமல் சேர்த்தார். ஒரு தீவுக்கு மாவும் எண்ணெயும் போய்ச் சேர்வதே வெற்றி என்று எண்ணிப் பழகியவர், அடுத்து இன்னொரு தீவுக்கு வந்தார்.

1942 மார்ச் கடைசியில் அவர் கொழும்பு வந்து கிழக்குக் கடற்படையைப் பொறுப்பேற்றபோது சிங்கப்பூர் விழுந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. மார்ச் 8இல் இரங்கூன் விழுந்ததோடு இலங்கை பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசியும் நின்றது. நம் பாட்டன் பாட்டிமார் 'கூப்பன் அரிசி' என்று சொன்னது தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். எண்ணிக்கையில் கடற்படை பெரிது: ஐந்து போர்க்கப்பல்கள், மூன்று விமானந்தாங்கிகள். உள்ளே பார்த்தால் ஐந்தில் நான்கு புதுப்பிக்கப்படாத முதல் போர்க்காலத்துப் பழைய கப்பல்கள். வேகம் குறைவு, எண்ணெய் கொள்ளளவு குறைவு, குடிதண்ணீர் அதைவிடக் குறைவு. விமானிகளுக்கோ சேர்ந்து பறந்த பழக்கமே போதாது.

ஏப்ரல் 1 அளவில் யப்பானியர் தாக்குவர் என்று உளவுத் தகவல் வந்தது. தீவின் தெற்கே கடலில் காத்திருந்தார் சோமர்வில். யாரும் வரவில்லை. பழைய கப்பல்களில் தண்ணீர் தீரத் தொடங்கியதும் மாலைதீவின் தென்கோடியில் இரகசியமாக அமைத்திருந்த அட்டு பவளத்தீவுக்குத் திரும்பினார். ஏப்ரல் 4 நண்பகலில் அங்கே போய்ச் சேர, அன்று பிற்பகலிலேயே பேர்ச்சால் என்ற கனடிய விமானி யப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரு கப்பல்கள் 424 பேரோடு மூழ்கின.

ஏப்ரல் 9 காலை திருகோணமலை. சீனக்குடா விமானத்தளமும் டொக்யாட்டும் எண்ணெய்க் குதங்களும் தாக்கப்பட்டன. முதல் நாள் இரவே துறையிலிருந்து வெளியேற்றப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கி, தன்னிடம் ஒரு விமானம்கூட இல்லாமல், மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது. இறந்தவர்கள் 307 பேர். உயிர் தப்பியவர்களில் ஏறத்தாழ 600 பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தூக்கிக் கரை சேர்த்தது. நகரத்தில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு ஊர்ப்புறம் போனார்கள். அந்த வாரத்தின் பீதி சென்னை வரை போய், அங்கும் மக்கள் இரயிலேறினர்.

சோமர்வில்லைக் குறை சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஹெர்மிஸைப் பிரித்துத் தனியே திருகோணமலைக்கு அனுப்பியது தவறுதான். அதில் அவருக்குச் சமாதானம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் மீதிக் கடற்படையைப் பகலில் யப்பானியருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல், ஆபிரிக்கக் கரையில் மொம்பாசாவின் கிலிந்தினித் துறைக்கு விலகியது கோழைத்தனம் அன்று. தண்ணீர், எண்ணெய், பயிற்சி மூன்றிலும் தன் கையிருப்பு எவ்வளவு என்று தெரிந்தவர் எடுத்த முடிவு அது. வீரம் பேசி அன்று மோதியிருந்தால் 1944இல் திரும்பி வரக் கடற்படையே இருந்திராது.

அந்த 1944தான் எனக்குச் சுவையான பகுதி. சனவரியில் குயின் எலிசபெத், வலியன்ட், றினவுன் ஆகிய பெருங்கப்பல்கள் வந்தன. இலஸ்ட்றியஸ் விமானந்தாங்கியும் வந்தது. பின்னர் அமெரிக்காவின் சரட்டோகா விமானந்தாங்கி திருகோணமலைக்குள் நுழைந்தது. விமானங்களை மேல்தளத்தில் விரைவாக ஏற்றி இறக்குவதிலும் கூட்டமாகப் புறப்படச் செய்வதிலும் அமெரிக்கர் அப்போது பல படி முன்னே இருந்தனர். பெருமையை ஒதுக்கிவைத்துத் தன் விமானிகளை அவர்களிடம் கற்க விட்டார் சோமர்வில். ஏப்ரல் 19இல் சுமத்திராவின் வடமுனைக்கு அப்பால் உள்ள சபாங் தாக்கப்பட்டது. பிரித்தானிய, அமெரிக்க, பிரெஞ்சு, ஒல்லாந்த, அவுஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்கள் சேர்ந்து போன அந்தத் தாக்குதலில் இழந்தது ஒரே விமானம். அதன் விமானியையும் ஒரு நீர்மூழ்கி மீட்டு வந்தது.

அடுத்தது சாவகத்தின் சுரபாயா. அவ்வளவு தூரத்துக்கு ஒரே மூச்சில் போய்வரக் கப்பல்களுக்கு எண்ணெய் போதாது. எண்ணெய்க் கப்பல்களை முன்கூட்டியே மேற்கு அவுஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் குடாவுக்கு அனுப்பி, மே 15இல் அங்கே நிரப்பிக்கொண்டு, 17இல் சுரபாயாவின் துறைமுகத்தையும் எண்ணெய் ஆலையையும் தாக்கினார்கள். பரக்கூடா விமானங்களுக்குத் தூரம் எட்டாது என்று கணக்கிட்டு, இலஸ்ட்றியஸில் அமெரிக்க அவெஞ்சர் விமானங்களை முன்னரே மாற்றி ஏற்றியிருந்தார்கள். 1942இல் தண்ணீர் தீர்ந்து திரும்பிய அதே மனிதர் போட்ட திட்டம் இது.

அவர் விடைபெறும் மாதத்திலேயே ஒரு பெரிய அடியும் விழுந்தது. பம்பாயில் கட்டி இழுத்து வந்த பிரம்மாண்டமான மிதவைத் துறை, 1944 ஓகஸ்ட் 8இல் வலியன்டைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது முறிந்து மூழ்கியது. குண்டும் மருந்தும் நிறைந்திருந்த அந்தக் கப்பலின் பாரத்துக்கு ஏற்றபடி நீர்த்தொட்டிகளை வெறுமையாக்கவில்லை. எதிரியின் குண்டு எதுவும் விழாமலே ஒரு போர்க்கப்பலின் உந்துவிசிறிகள் பழுதாயின. பெருங்கப்பலைத் தூக்கிப் பழுதுபார்க்க இருந்த வசதியும் துறைமுகத்தின் அடியில் போனது. அதே மாதத்தில் புரூஸ் ஃபிரேசர் பொறுப்பேற்றார். நவம்பர் 22இல் பிரித்தானிய பசுபிக் கடற்படை உருவானதும் இங்கேதான். சோமர்வில் வாஷிங்டன் போய், கடற்படைக்கு வேண்டியவற்றை அமெரிக்கரிடம் பேசி வாங்கும் வேலையைப் பார்த்தார். 1949இல் காலமானார்.

உப்புவெளியில், சாம்பல்தீவுக்கு வரும் நிலாவெளி வீதியோரம், அந்தப் போரில் மடிந்தவர்களின் மயானம் இருக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் படைப்பிரிவும் திகதியும் ஒழுங்காகப் பொறித்திருக்கிறது. கப்பலுக்கு நிலக்கரியும் தண்ணீரும் ஏற்றியவர், குதத்தில் குழாய் பூட்டியவர், டொக்யாட்டில் இரும்பு அடித்தவர் ஆகியோருக்கு அப்படி எதுவும் இல்லை. 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துப் போகும்வரை அந்த வேலையைச் செய்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்து மனிதர்கள். குதங்களின் கணக்கை மட்டும் நாம் மறக்கவில்லை: 2022 சனவரியின் இலங்கை–இந்திய ஒப்பந்தத்தில் 99 தாங்கிகளையும் 14, 24, 61 என்று பங்கிட்டார்கள். இந்த மலரை வாசிப்பவர் வீட்டில் டொக்யாட் வேலை அட்டையோ, சம்பளத் துண்டோ, பழைய படமோ பெட்டிக்குள் கிடந்தால், கறையான் தின்னுமுன் பிரதி எடுத்து ஊர் நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.