தீவிர சிகிச்சை நர்சு பிராக்டிசனர் படிப்பு

தீவிர சிகிச்சை நர்சு பிராக்டிசனர் படிப்பு என்பது, உயிராபத்தான நிலையில் உள்ள நோயாளிகளைக் கவனிக்கும் மேல்நிலைத் தகுதியைச் செவிலியர்களுக்கு அளிக்கும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு ஆகும். இந்திய நர்சிங் கவுன்சில் இதனை 2010களின் இடைப்பகுதியில் வகுத்தது. அமெரிக்காவில் வயதுவந்தோருக்கான தீவிர நோய்ப் பராமரிப்பில் உள்ள இத்தகைய படிப்புக்கு இந்தியாவில் மிக நெருக்கமானது இதுவே.

இத்தகுதிக்குத் தமிழில் இன்னும் நிலையான பெயர் அமையவில்லை. செவிலியப் பயிற்சியர் என்று சிலர் எழுதுகின்றனர். அச்சொல் பயிற்சி பெறும் மாணவர் என்ற பொருளையும் தந்துவிடுவதால் இக்கட்டுரையில் வழக்கிலுள்ள ஆங்கிலப் பெயரே ஒலிபெயர்த்துத் தரப்படுகிறது.

தோற்றம்

1965 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் முதல் நர்சு பிராக்டிசனர் பயிற்சியைத் தொடங்கினர். மருத்துவர் எளிதில் கிடைக்காத இடங்களில் குழந்தைகளைக் கவனிப்பதே அதன் நோக்கம். மருத்துவமனையின் தீவிர சிகிச்சைக்கு இம்முறை வந்தது பிற்காலத்தில்தான். அதற்கான தேசியச் சான்றுத் தேர்வு அங்கு 1990களில் தொடங்கியது. 2008 இல் ஏற்பட்ட ஒருமித்த வரைவுக்குப் பின், வயதுவந்தோரும் முதியோரும் ஒரே பிரிவாக்கப்பட்டு, தீவிர நோய்ப் பராமரிப்பு, முதல்நிலைப் பராமரிப்பு என இரு கிளைகள் பிரிக்கப்பட்டன.

இந்தியாவில் 2017 ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கொள்கை நர்சு பிராக்டிசனர் என்ற பணிநிலையை உருவாக்க வேண்டும் என்று கூறியது.

சேர்க்கையும் பாடமும்

இளநிலை நர்சிங் பட்டம் பெற்று, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, குறைந்தது ஓராண்டு நோயாளிப் பணி பார்த்தவர்கள் இதில் சேரலாம். தமிழ்நாட்டில் இப்பதிவு 1926 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கவுன்சிலில் செய்யப்படுகிறது. பட்டம் வழங்குவது சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்.

வழக்கமான முதுநிலை நர்சிங் படிப்பிலிருந்து இது பெரிதும் வேறுபடுகிறது. வகுப்பறைப் பாடம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. எஞ்சிய காலம் முழுவதும் மாணவர் உறைவிடப் பணியாளராக வார்டிலேயே இருக்கிறார். உயர்நிலை நோய்க்கூற்றியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகியன அடிப்படைப் பாடங்கள். மருத்துவர் ஒருவரும் மூத்த செவிலியர் ஒருவரும் வழிகாட்டிகளாக இருப்பர். செய்த பணிகள் பதிவேட்டில் குறிக்கப்பட்டுக் கையொப்பம் பெறப்பட வேண்டும். ஆய்வேடும் உண்டு.

கொங்குப் பகுதியில்

கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி 1966 இலும், பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி 1985 இலும் தொடங்கப்பட்டன. தனியார் பெருமருத்துவமனைகளும் பல எழுந்ததால், ஈரோடு, திருப்பூர், நீலகிரி மாவட்டங்களில் இருந்து மட்டுமன்றிக் கேரளத்தின் பாலக்காட்டிலிருந்தும் ஆபத்தான நோயாளிகள் இந்நகரத்திற்கே அனுப்பப்படுகின்றனர். சேலம் - கொச்சி நெடுஞ்சாலை விபத்துகள், வேளாண் பூச்சிமருந்து நஞ்சு, பாம்புக்கடி ஆகியன இங்குள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பழக்கமானவை.

இப்பயிற்சி ஏன் தேவை என்பதைப் பூச்சிமருந்து நஞ்சைக் கொண்டே விளக்கலாம். கரிம பாசுபேட்டு மருந்தை அருந்தியவருக்கு நுரையீரலில் நீர் சுரந்து மூச்சு அடைபடும். முறிவாக அத்திரோப்பின் செலுத்தப்படுகிறது. பலன் தெரியாவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவு இரட்டிப்பாக்கப்படும். நெஞ்சில் நீரொலி நின்றதா, நாடித்துடிப்பு உயர்ந்ததா, இரத்த அழுத்தம் நிலைத்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். குறைந்தால் மூச்சு நிற்கும். மிகுந்தால் நோயாளி பிதற்றுவார், காய்ச்சல் ஏறும். இரவு இரண்டு மணிக்கு இதைச் செய்ய வேண்டியிருக்கும்போது படுக்கையருகில் தொடர்ந்து நிற்பவர் செவிலியரே. அளவை மாற்ற வேண்டும் என்று அவர் அறிந்திருந்தாலும், ஆணை வரும்வரை காத்திருப்பதே பழைய முறை.

கண்ணாடிவிரியன் கடித்தவரின் இரத்தத்தைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடங்கள் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று பார்க்கும் சோதனையும் இத்தகையதே. கருவி எதுவும் வேண்டாம், ஆனால் முடிவைக் கண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். செயற்கை மூச்சுக்கருவியில் உள்ளவரின் தமனி இரத்த வளிமச் சோதனையைப் படித்து (இயல்பான பி.எச். அளவு 7.35 முதல் 7.45 வரை) கருவியின் அமைப்பை மாற்றப் பரிந்துரைப்பதும் பாடத்தில் அடங்கும்.

2021 மே மாத இறுதியில் கோவையின் அன்றாடக் கொரோனா எண்ணிக்கை சென்னையையும் மிஞ்சியது. படுக்கைகளையும் ஆக்சிசன் குழாய்களையும் சில நாட்களில் கூட்டிவிடலாம். தீவிர சிகிச்சை அறிந்த செவிலியரை அவ்வாறு கூட்ட இயலாது என்பது அப்போது நாடெங்கும் உணரப்பட்டது.

சட்டநிலையும் சிக்கலும்

இந்தியாவில் நர்சு பிராக்டிசனர் தாமாக மருந்துச்சீட்டு எழுத முடியாது. அட்டவணை எச் மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்பேரிலேயே வழங்கலாம் என்று மருந்து விதிகள் கூறுகின்றன. எனவே இவர் மருத்துவமனை முன்னதாக ஏற்றுக்கொண்ட நிலையாணைகளுக்கு உட்பட்டே மருந்தையும் சோதனையையும் தீர்மானிக்கிறார். 2019 ஆம் ஆண்டுத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32 ஆம் பிரிவு, மருத்துவரல்லாத நலப்பணியாளருக்கு வரையறுக்கப்பட்ட உரிமம் வழங்க இடமளித்தது. ஆயினும் தற்சார்பாக மருந்து எழுதுவது முதல்நிலை, தடுப்புப் பராமரிப்புக்கு மட்டுமே. பிற இடங்களில் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். தீவிர சிகிச்சைக்கு இது பெரிதாக உதவாது.

படித்து முடித்தவர்களின் குறை வேறு. பல மருத்துவமனைகளில் இத்தகுதிக்கெனத் தனிப் பணியிடமோ ஊதிய நிலையோ இல்லை. ஆகவே, சிலர் முன்போலவே பணிச்செவிலியராகத் தொடர்கின்றனர். சிலர் கல்லூரி ஆசிரியராகின்றனர். நோயாளியின் படுக்கையருகில் இருத்துவதற்காக வகுக்கப்பட்ட படிப்பு அவர்களை வகுப்பறைக்கு அனுப்பிவிடுவது ஒரு முரண். எல்லா மருத்துவர்களும் இப்பணிநிலையை வரவேற்பதில்லை. பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை அவர்கள் எழுப்புகின்றனர். நிலையாணையின்படி கொடுத்த மருந்தால் தீங்கு நேர்ந்தால் அதற்கு விடைகூற வேண்டியவர் யார் என்பதை, அந்த ஆணையிலேயே எழுதி வைக்கும் மருத்துவமனைகளில் இத்தயக்கம் குறையக்கூடும்.

2023 ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய நர்சிங், மகப்பேற்றுத் தாதியர் ஆணையச் சட்டம், 1947 ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்திற்கு மாற்றாக வந்ததாகும்.