சுத்தம் யார் வீட்டு வேலை? – குடிநீரின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்



தண்ணீரின் வரலாற்றில் 1854ஆம் ஆண்டை இரண்டு முறை எழுதிக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் காத்மாண்டுவில் ஜங் பகதூர் ராணாவின் அரசு ‘முலுகி ஐன்’ என்னும் சட்டத் தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நேபாளத்துச் சாதிகளை அது படிக்கட்டாக அடுக்கியது. அடுக்குவதற்கு எடுத்துக்கொண்ட அளவுகோல்களில் முதன்மையானது தண்ணீர். யார் கையால் நீர் வாங்கலாம், யார் கையால் வாங்கக்கூடாது என்று கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே தள்ளியவர்களுக்கு ‘பானி நசல்னே’ என்று பெயர் வைத்தது. நீர் செல்லாதவர்கள் என்று பொருள். காமி, சார்கி, தமாய் ஆகியோர், அதாவது கொல்லரும் தோல் தொழிலாளரும் தையற்காரரும், தொட்டாலே நீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டியவர்கள் ஆனார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. மருத்துவர் ஜான் ஸ்னோ சாவுகளை வீடுவாரியாகக் கணக்கெடுத்து, பிராட் தெருவின் அடிகுழாய்த் தண்ணீரே நோயைப் பரப்புகிறது எனக் காட்டினார். செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

ஓரிடத்தில் அழுக்கு தண்ணீரில் இருந்தது. இன்னோரிடத்தில் அழுக்கு மனிதனின் கையில் இருப்பதாகச் சட்டம் எழுதப்பட்டது. தெற்காசியாவில் குடிநீரைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த இரண்டாவது ‘சுத்த’த்தைத் தாண்டிப் போக முடியாது. மலிவு விலை வீட்டு வடிகட்டிகளைப் பற்றி நாம் பேச வந்திருக்கும்போதும் அப்படித்தான்.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் பிரித்தெடுத்தார். அங்கே ஒரு குளத்து நீரிலும் அதைக் கண்டார். 1890களில் ஹான்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலக்கச் சொன்னார். இளஞ்சிவப்பான கிணற்று நீர் காலராக் காலத்தின் அடையாளமாயிற்று. முறை எளிது, செலவு குறைவு. ஆனால் மருந்து விழுந்த பொதுக் கிணற்றில் கயிறு விட எல்லோருக்கும் உரிமை இருக்கவில்லை. நோய்க்கு எதிரான நடவடிக்கைகூட ஊர்த்தெருவின் எல்லையில் நின்றது.

மகாடுக்கு வருவோம். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்துக்கு 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் நடந்து போய் நீரள்ளிக் குடித்தார்கள். அதன்பின் சாதி இந்துக்கள் செய்ததை நீர்ச் சுத்திகரிப்பின் வரலாற்றிலேயே சேர்க்க வேண்டும் என்பது நமது கருத்து. பசுஞ்சாணம், மூத்திரம், பால், தயிர் ஆகியவற்றை 108 பானைகளில் குளத்தில் கரைத்து, நீர் ‘சுத்தமாகிவிட்டது’ என அறிவித்தார்கள். கோக் கிருமியைக் கண்டு 43 ஆண்டுகள் ஆகியிருந்தன. குடிநீரில் சாணத்தைக் கலப்பது சுத்தம், ஒரு மனிதன் கை வைப்பது அசுத்தம்! அக்குளத்தின் மீதான வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 1937 மார்ச்சில்தான் நம் பக்கம் முடிந்தது.

இனி வீட்டுக்குள் வந்த பானையின் கதை.

1981 முதல் 1990 வரையிலான பத்தாண்டை ஐக்கிய நாடுகள் அவை குடிநீர், கழிவுநீர்ப் பத்தாண்டு என அறிவித்தது. 1990க்குள் எல்லோருக்கும் பாதுகாப்பான நீர் என்பது இலக்கு. இலக்கு எட்டப்படவில்லை. குழாய் வராத இடங்களில் வீட்டிலேயே நீரைச் சுத்தம் செய்துகொள்ளும் வழிகள் அதே காலத்தில்தான் ஒவ்வொன்றாக உருவாயின. 1981இல் குவாத்தமாலாவில் பெர்னாண்டோ மசாரியேகோஸ் என்ற வேதியியலாளர் ஒரு மண்பானையைச் செய்தார். களிமண்ணோடு மரத்தூளைப் பிசைந்து, வாளி வடிவில் அழுத்தி, சூளையில் சுட வேண்டும். மரத்தூள் எரிந்துபோன இடங்களில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். நீர் அவற்றின் வழியே மணிக்கு ஓரிரு லிட்டர் கசியும். கிருமிகளில் பெரும்பாலானவை மண்ணிலேயே தங்கும். கூழ்ம வெள்ளி பூசினால் தங்கியவை பெருகாது. சூளையும் மண்ணும் உள்ள எந்த ஊரிலும் செய்யலாம்.

1998இல் மிட்ச் புயல் நடு அமெரிக்காவைச் சிதைத்தபோது ‘அமைதிக்கான குயவர்கள்’ என்ற அமைப்பின் ரான் ரிவேரா நிகராகுவாவில் இந்தப் பானையைப் பெருமளவில் செய்யவைத்தார். அவரும் அவருடைய தோழர்களும் காப்புரிமை கேட்கவில்லை. செய்முறையை யார் கேட்டாலும் கொடுத்தார்கள். பல நாடுகளில் சுமார் 30 பட்டறைகளுக்கு அவர் வழிகாட்டினார். நைஜீரியாவில் அப்படியொரு பட்டறை வேலைக்குப் போனபோது மலேரியா பற்றி, 2008இல் இறந்தார். குயவரை ‘கைவினைஞர்’ என்று புகழ்ந்துவிட்டு அவருடைய அறிவை அறிவாக மதிக்காத நம் நாட்டில் இந்தக் கதையைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்போடியாவில் இப்பானையை வைத்திருந்த வீடுகளை ஆராய்ந்தபோது, வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 46 விழுக்காடு குறைந்திருந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: பானையைப் பயன்படுத்தும் வீடுகள் மாதத்துக்கு 2 விழுக்காடு வீதம் குறைந்துகொண்டே வந்தன. பெரும்பாலும் பானை உடைந்ததுதான் காரணம். உடைந்தால் மாற்றுப் பானை எங்கே கிடைக்கும், யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்கு ஆய்வகத்தில் விடை இல்லை.

வங்கதேசத்தின் கதை இதைவிடக் கனமானது. குளத்து நீரால் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்டில் 1970களிலிருந்து அரசும் யூனிசெஃப்பும் ஆழ்துளைக் கைப்பம்புகளைப் பரப்பின. கிருமி குறைந்தது, மக்களும் நம்பினார்கள். நிலத்தடியில் ஆர்சனிக் இருப்பதைச் சோதிக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் மேற்கு வங்கத்தில் 1983இலேயே ஆர்சனிக் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டார்கள். வங்கதேசத்தில் 1993இல்தான் நீரில் அது உறுதியானது. மூன்றரைக் கோடி முதல் ஏழு கோடியே எழுபது லட்சம் பேர் வரை ஆபத்தில் இருந்தார்கள் என்று 2000இல் மதிப்பிட்டார்கள். பின்னர் சுமார் 50 லட்சம் குழாய்களைச் சோதித்து, நல்லதற்குப் பச்சை, நஞ்சுக்குச் சிவப்பு எனப் பெயிண்ட் அடித்தார்கள். சிவப்பு விழுந்தவை சுமார் 14 லட்சம். உள்ளங்கை தடித்து, தோலில் புள்ளி விழுந்த பெண்களைக் கணவர்கள் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். நீரின் நஞ்சு அந்தப் பெண்களின் மீது தீட்டாக ஏறியது. கொதிக்கவைத்தால் ஆர்சனிக் போகாது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.

அதே வங்கதேசத்தின் மத்லப் பகுதியில்தான் நம்மை வியக்கவைக்கும் ஒரு வடிகட்டி சோதிக்கப்பட்டது: பழைய பருத்திப் புடவை. காலராக் கிருமி குளத்து நீரில் மிதக்கும் நுண்ணிய உயிரிகளின் உடலில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. புடவையை நான்காக, எட்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டினால் அந்த உயிரிகள் துணியிலேயே நின்றுவிடும். புதிய புடவையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த புடவையே நல்லது, நூல் பிரிந்து கண்கள் சுருங்கியிருக்கும். ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் குழுவினர் 65 கிராமங்களில் சுமார் 1,33,000 பேரிடையே செய்த இந்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. புடவையால் வடிகட்டிய ஊர்களில் காலரா 48 விழுக்காடு குறைந்தது. ஆனால் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, அப்பெண்களில் 31 விழுக்காட்டினரே ஏதோவொரு வகையில் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடலாமா? தண்ணீர் சுமப்பது, வடிகட்டுவது, துணியை அலசிக் காயவைப்பது, பானையைத் தேய்ப்பது, போத்தலை 6 மணி நேரம் வெயிலில் வைத்து எடுப்பது, எல்லாம் ஒரே ஆளின் வேலை. அவள் கூலிக்குப் போய் வந்தவள். நம் வீடுகளில் கலங்கிய நீர் தெளியக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவைத்த பாட்டிகளும் இந்த வேலையைத்தான் செய்தார்கள். அந்த உழைப்புக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் விலை போடப்படுவதில்லை. அதனால்தான் இந்த முறைகளுக்கு ‘மலிவு’ என்று பெயர்.

ஆய்வாளர்களுக்குள்ளும் சண்டை இருக்கிறது. தன் வீட்டுக்கு வடிகட்டி கொடுத்தவர் வந்து கேட்டால், ‘வயிற்றுப்போக்கு குறைந்துவிட்டது’ என்று சொல்வது மனித இயல்பு. ஆகவே கிடைத்த சான்றுகளை வைத்துப் பெருமளவில் பரப்புவது அவசரம் என்று ஷ்மிட், கேர்ன்கிராஸ் இருவரும் 2009இல் எழுதினார்கள். ஒடிசாவில் சில வீடுகளுக்குக் குளோரின் மாத்திரையும் சில வீடுகளுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்து, எது எதுவென்று யாருக்கும் தெரியாமல் நடத்திய சோதனையின் முடிவு 2013இல் வந்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குளோரின் பெற்ற வீடுகளிலும் மூன்றில் ஒரு பங்கு சோதனைகளில்தான் நீரில் குளோரின் இருந்தது.

இதை வைத்து வடிகட்டியே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை. குழாய் வரும்வரை பிள்ளை காத்திருக்காது. பானை இருக்கட்டும். பானையைக் கொடுத்த கையோடு குழாய்த் திட்டத்தின் கோப்பை மூடுகிறார்களே, அதோடுதான் நமது சண்டை.

வீட்டுக்குள் வந்த கருவிக்கு இன்னொரு குணமும் உண்டு. சாதி ஊர்களில் அது மிகவும் வசதியானது. நேபாளத்தின் தராய்ச் சமவெளியில் ஆர்சனிக்கை நீக்க ‘காஞ்சன்’ என்ற வடிகட்டி வந்தது. மணல் தொட்டியின் மேல் இரும்பு ஆணிகளைப் போடுவார்கள். ஆணி துருப்பிடிக்கும், ஆர்சனிக் துருவில் ஒட்டும், மணல் துருவைப் பிடித்துக்கொள்ளும். எளிமையான, அருமையான யோசனை. அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளும் தலித் குடும்பம் நஞ்சில்லாத நீரைக் குடிக்கும். ஆனால் ஊர்க் குழாயில் குடம் வைக்க வரிசையில் நிற்க முடியுமா? 1963இல் நேபாளம் பழைய முலுகி ஐனை மாற்றியது. ஆனாலும் பொது நீரிலிருந்து ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று 2011இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

நம் பக்கத்திலோ, 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்கு நீர் வழங்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது வெளியே தெரிந்தது. குடித்த பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் தொட்டிக்குள் ஏறிப் பார்த்தார்கள். அங்கே போய் எந்த வடிகட்டியைப் பரிந்துரைப்பது?

இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். உங்கள் ஊரில் ஊருக்கும் சேரிக்கும் தனித்தனித் தொட்டி இருந்தால், இரண்டிலும் எந்தத் தேதியில் குளோரின் போட்டார்கள், எந்தத் தேதியில் கழுவினார்கள் என்று ஊராட்சிப் பதிவேட்டைப் பாருங்கள். கிராமசபையில் அதை வாசிக்கச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு ஒரு மனு எழுதுங்கள். இரண்டு தொட்டிகளின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.