பாசி

தாமல் ஏரியின் மதகுக் கல்லில் காலை வழுக்கிவிடுவதும் பாசிதான். மன்னார் வளைகுடாவில் பவளத்துக்குச் சோறு போடுவதும் பாசிதான். பசுமையைக் குறிக்கும் ‘பசு’ என்ற அடி நீண்டு ‘பாசு’ ஆகி, அதிலிருந்து வந்தது ‘பாசி’. பாசிப்பயறும் இதே குடும்பம்.

பவளத்தின் பாசிக்கு மட்டும் இந்தப் பெயர் நிறத்தால் பொருந்தாது. அது பொன்பழுப்பு. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர், பவள உயிரியின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சர்க்கரை சமைத்து, அதில் பெரும்பங்கைத் தன்னைத் தாங்கும் பவளத்துக்கே கொடுத்துவிடுகிறது. பவளம் வெளிவிடும் கரியமில வாயுவும் நைட்ரஜன் கழிவும் பாசிக்கு உணவு. எவ்வளவு சிக்கனமான குடித்தனம்! இதைத்தான் கூட்டுயிர் வாழ்வு என்கிறோம். ராட்சதச் சிப்பியும் சில சொறிமீன்களும்கூட இப்படிப் பாசி வளர்க்கின்றன.

கடல் சூடேறினால் உறவு முறிகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுத்துப் போகிறது. வெப்பம் நீடித்தால் பட்டினியில் சாகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இந்த வெளுப்பு பெருமளவில் நடந்தது.

பவளமும் பச்சையும் கோயில் பெயர்களிலும் இணையாக வருகின்றன: காஞ்சிபுரத்தில் பவளவண்ணர் கோயிலும் பச்சைவண்ணர் கோயிலும் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே சேவிப்பார்கள். ஆனால் அந்தப் பவளவண்ணம் நகைப் பவளத்தின் சிவப்பு. பழந்தமிழில் அந்தப் பவளத்துக்குத் துகிர் என்று பெயர். மத்தியதரைக் கடலில், வெளிச்சம் குறைந்த இடங்களில் வளரும் அந்தச் செம்பவளத்துக்குள் பாசி கிடையாது. அதன் சிவப்பு அதன் எலும்புக்கூட்டின் சொந்த நிறம்.