தோற்ற வழக்கு, பிழைத்த பள்ளத்தாக்கு

கம்பெனி சட்டப் பாடத்தின் முதல் சில வகுப்புகளிலேயே ஒரு விஷயம் வந்துவிடும். சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது ஒரு 'நபர்'. அதற்கு உடம்பும் இல்லை, உயிரும் இல்லை. ஆனாலும் அது சொத்து வாங்கலாம், கடன்படலாம், தன் பெயரிலேயே வழக்குப் போடலாம். பி.காம் படிப்பவர்கள் சாலமன் வழக்கோடு சேர்த்து இதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் பத்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிடுவார்கள்.

காகிதத்தில் மட்டும் வாழும் கம்பெனிக்கு இந்த உரிமை இருக்கிறது, சரி. மனிதன் தோன்றுவதற்கு முன்பிருந்தே இருக்கும் ஒரு பள்ளத்தாக்குக்கு? அதைக் குலைக்க யாராவது கிளம்பினால், அதன் சார்பில் கோர்ட் படியேற யாருக்கு உரிமை?

இந்தக் கேள்வி 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கை ஒட்டிப் பிறந்த அமைப்புதான் இன்று எர்த்ஜஸ்டிஸ் என்ற பெயரில் இயங்குகிறது. லாப நோக்கம் இல்லாத, கட்சிக்காரர்களிடம் கட்டணம் வாங்காத வக்கீல்களின் அமைப்பு அது.

டிஸ்னியின் பனிமலைத் திட்டம்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் மினரல் கிங் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1870-களில் வெள்ளி கிடைக்கும் என்று நம்பி ஆட்கள் குவிந்த இடம். பெயரும் அப்படி வந்ததுதான். எதிர்பார்த்த வெள்ளி கிடைக்கவில்லை, கூட்டம் கலைந்துவிட்டது. 1890-ல் பக்கத்தில் செக்வோயா தேசியப் பூங்கா உருவானபோது இந்தப் பள்ளத்தாக்கை அதில் சேர்க்கவில்லை. அது அரசு வனத்துறையின் கையில் இருந்தது.

1965-ல் வனத்துறை அங்கே பனிச்சறுக்கு விடுதி கட்ட டெண்டர் கேட்டது. ஆறு பேர் போட்டியிட்டார்கள். வென்றது வால்ட் டிஸ்னி நிறுவனம். மிக்கி மவுஸின் அதே டிஸ்னிதான்! 1969-ல் அங்கீகாரம் பெற்ற திட்டத்தின் மதிப்பு 3.5 கோடி டாலர். 80 ஏக்கரில் தங்கும் விடுதிகள், உணவகங்கள், நீச்சல் குளங்கள், கார் நிறுத்தங்கள். ஒரு நாளைக்கு 14,000 பேர் வந்து போகலாம். அவர்கள் வந்து சேர 20 மைல் நெடுஞ்சாலை. அதில் ஒரு பகுதி தேசியப் பூங்காவைக் கிழித்துக்கொண்டு போகும். கூடவே 66,000 வோல்ட் மின்கம்பிப் பாதை.

வணிகக் கணக்கில் பார்த்தால் நல்ல திட்டம். வேலை வரும், வரி வரும், சுற்றுலா வளரும். நஷ்டம் என்று எழுதக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. பள்ளத்தாக்கின் அமைதிக்கு யார் விலை போட்டிருக்கிறார்கள்?

"நீங்கள் யார்?"

1892-ல் ஜான் மியூர் முன்னின்று தொடங்கிய சியரா கிளப் இதை எதிர்த்தது. பொது விசாரணை வையுங்கள் என்று கேட்டது, நடக்கவில்லை. 1969 ஜூனில் வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட் தடை விதித்தது. அரசு மேல்முறையீடு செய்ய, 1970-ல் அந்தத் தடை நீங்கியது.

மேல்முறையீட்டு நீதிபதிகள் கேட்டதன் சாரம் இதுதான்: உங்கள் நிலமா? இல்லை. உங்கள் பணமா? இல்லை. அப்படியானால் வழக்குப் போட நீங்கள் யார்?

சியரா கிளப் இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லியிருக்கலாம். அதன் உறுப்பினர்கள் பலர் அந்தப் பள்ளத்தாக்கில் நடைப்பயணம் போகிறவர்கள், கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள். "இவர்களுக்குப் பாதிப்பு" என்று ஒரு பாரா எழுதியிருந்தால் போதும். வேண்டுமென்றே அதை எழுதவில்லை. இயற்கையைக் காப்பதில் நீண்ட கால அக்கறை உள்ள அமைப்பு என்ற ஒரே தகுதியிலேயே வழக்குப் போட முடிய வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். பெரிய உரிமைக்காகச் சின்ன உரிமையைப் பணயம் வைத்தார்கள்.

1972 ஏப்ரல் 19-ல் தீர்ப்பு வந்தது. 4-க்கு 3 என்ற கணக்கில் சியரா கிளப் தோற்றது. அக்கறை மட்டும் போதாது, பாதிக்கப்பட்டவர் உங்களுக்குள் இருக்க வேண்டும் என்றது பெரும்பான்மை.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் வில்லியம் டக்ளஸும் ஒருவர். கப்பலுக்கு, கம்பெனிக்கு எல்லாம் சட்டத்தில் ஆள் அந்தஸ்து உண்டே, நதிக்கும் பள்ளத்தாக்குக்கும் ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். அதே வருடம் கிறிஸ்டோபர் ஸ்டோன் என்ற சட்டப் பேராசிரியர் மரங்களுக்கு வழக்குரிமை உண்டா என்று எழுதிய கட்டுரையையும் எடுத்துக்காட்டினார். உலகம் நினைவில் வைத்திருப்பது இந்தக் குரலைத்தான்.

தோல்வியில் ஒளிந்திருந்த வெற்றி

ஆனால் உடனடியாகப் பயன்பட்டது டக்ளஸின் குரல் அல்ல, எதிராகப் போன பெரும்பான்மைத் தீர்ப்புதான். அதைக் கவனமாகப் படித்தால் இரண்டு விஷயங்கள் கிடைக்கும். ஒன்று, நஷ்டம் என்றால் பண நஷ்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஓர் இடத்தின் அழகுக்கும் சூழலுக்கும் வரும் கேடும் நஷ்டம்தான் என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு, மனுவைத் திருத்திக்கொண்டு திரும்ப வர வழி திறந்திருக்கிறது என்று ஒரு அடிக்குறிப்பில் சொன்னார்கள்.

சியரா கிளப் மனுவைத் திருத்தியது. இதற்குள் நாட்டின் சட்டமும் மாறியிருந்தது. 1970 ஜனவரி 1-ல் நிக்சன் கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படி, இத்தகைய பெரிய திட்டத்துக்கு அரசு பாதிப்பு அறிக்கை தயாரிக்க வேண்டும். 1969-ல் வழக்குப் போட்டபோது இல்லாத ஆயுதம் இது. அறிக்கைக்கே வருடங்கள் ஓடின. முடங்கிக் கிடக்கும் திட்டத்தின் செலவு என்ன ஆகும் என்று வணிகவியல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்னியின் ஆர்வம் வடிந்தது. 1978-ல் அமெரிக்க நாடாளுமன்றம் மினரல் கிங்கைச் செக்வோயா தேசியப் பூங்காவோடு சேர்த்தது.

அமைப்பு பிறந்த கதை

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஒரு விஷயம் புரிந்துவிட்டது. ஆர்வமுள்ள வக்கீல்கள் ஓய்வு நேரத்தில் செய்து முடிக்கும் வேலை அல்ல இது. முழுநேர வக்கீல்கள் வேண்டும். 1971-ல் 'சியரா கிளப் சட்டப் பாதுகாப்பு நிதி' தொடங்கியது. பெயரில் சியரா கிளப் இருந்தாலும் அது தனி அமைப்பு. மற்றவர்களின் வழக்குகளையும் எடுத்தது. குழப்பம் வேண்டாம் என்றுதானோ என்னவோ, 1997-ல் எர்த்ஜஸ்டிஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது.

வாதி பணம் தராமல் எப்படி ஓடும் என்று கேட்கலாம். நன்கொடைதான் முக்கிய வருமானம். 1970-களில் வந்த காற்று, நீர், அழியும் உயிரினங்கள் குறித்த சட்டங்கள் சாதாரணக் குடிமக்களே வழக்குப் போட இடம் தந்தன. வென்றால் வக்கீல் செலவை எதிர்த்தரப்பிடமிருந்து பெறவும் வழி வைத்தன.

எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வடமேற்கில் பழங்காடுகளில் வாழும் புள்ளி ஆந்தைக்காக இந்த அமைப்பு வாதாடியது. 1990-ல் ஆந்தை ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் ஏறியது. 1991-ல் நீதிபதி வில்லியம் டுவையர் அதன் வாழிடமான அரசுக் காடுகளில் மர விற்பனைக்குத் தடை போட்டார். மரம் வெட்டிப் பிழைத்த ஊர்கள் கொதித்தன. ஆந்தைக்கு வக்கீல் இருக்கிறார், எங்கள் பிள்ளைகளுக்கு யார் என்ற அந்தக் கோபத்தைத் தள்ளிவிட முடியாது. மரத்தொழில் ஏற்கனவே இயந்திரங்களால் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தது என்பது உண்மை. வேலை போனவனுக்கு அந்த உண்மை சோறு போடாது என்பதும் உண்மை. கோர்ட்டால் வெட்டை நிறுத்த முடியும், மாற்று வேலை தர முடியாது. இந்த மாதிரி அமைப்புகளின் எல்லை அதுதான்.

டக்ளஸின் கேள்வி அதற்குப் பிறகும் பயணப்பட்டுக்கொண்டே இருந்தது. 2017-ல் நியூசிலாந்து வாங்கனூயி நதிக்கு ஆள் அந்தஸ்து தந்து சட்டம் இயற்றியது. அதே வருடம் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் கங்கைக்கும் யமுனைக்கும் அதைத் தந்தது, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2022-ல் நம் மதுரைக் கிளையிலும் இயற்கை அன்னை ஓர் உயிருள்ள சட்ட நபர் என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் பெயர் கொடுத்தால் மட்டும் நதி கோர்ட்டுக்கு நடந்து வந்துவிடாது. கம்பெனிக்கு டைரக்டர்கள் இருப்பதுபோல, அதற்காக மனு எழுதவும், வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்கவும், தோற்றால் திருத்தி எழுதவும் ஆட்கள் வேண்டும். மினரல் கிங்கைக் காப்பாற்றியது அந்தச் சலிப்பான வேலைதான்.

இன்றும் அங்கே போக வளைந்து வளைந்து செல்லும் குறுகலான மலைப்பாதைதான். பனிக்காலத்தில் அதையும் மூடிவிடுவார்கள். கோடையின் தொடக்கத்தில் போகிறவர்கள் தார்ப்பாய் கொண்டுபோய்க் காரைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அங்குள்ள மார்மட் என்ற, பெரிய அணில் போன்ற பிராணிகள் காருக்கு அடியில் புகுந்து ரப்பர் குழாய்களைக் கடித்துவிடுமாம். தினமும் 14,000 பேர் வந்து போக வேண்டிய இடத்தில் இன்று அந்த மார்மட்டுகளின் ராஜ்ஜியம்.