பாஷாணம்: கல்லாய் இருந்த சொல்

எலித் தொல்லை பொறுக்காமல் கடைக்குப் போய் “எலி பாஷாணம் இருக்கா?” என்று கேட்கிறோம். விஷம் என்ற பொருளில்தான் கேட்கிறோம். வடமொழியிலோ பாஷாணம் என்றால் கல், வெறும் கல். அது தமிழுக்கு வந்து நஞ்சானது எப்படி?

சித்த மருத்துவம்தான் வழி காட்டுகிறது. பிறவி 32, வைப்பு 32 என 64 பாஷாணங்களை அந்த மருத்துவம் எண்ணியது. மண்ணில் கிடைப்பது பிறவி, கூட்டிச் செய்வது வைப்பு. பாதரசம் சேர்ந்த லிங்கம், வீரம், பூரம் ஒரு பக்கம். ஆர்சனிக் சேர்ந்த அரிதாரம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் மறு பக்கம். மனோசிலையில் உள்ள ‘சிலை’யும் கல்லே. பழைய நூல்களில் பாஷாணம் ‘பாடாணம்’ என்றும் வரும். மருத்துவர் கையாண்ட கற்களில் பல ஆளைக் கொல்பவை. அதனால் கல் என்ற பொருள் மெல்ல உதிர்ந்து, கொல்வது என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. 

வெள்ளைப் பாஷாணத்துக்கே இந்த மாற்றத்தில் பெரும்பங்கு என்பது என் முடிவு. ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள் அது. புதிதாக உறைந்த கட்டி கண்ணாடி போல் தெளிந்திருக்கும். நாள்பட்டால் பீங்கான் போல் வெளுக்கும். தண்ணீரைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது, ஆனாலும் அதன் பொடி எளிதில் நனையாமல் நீர்மேல் மிதக்கும். கரித்துண்டில் சுட்டால் பூண்டு வாடை எழும். குளிர்நீரில் மெதுவாகத்தான் கரையும். காரத்தோடு சேர்ந்து சோடியம் ஆர்சனைட் என்னும் உப்பாகிவிட்டால் சட்டென்று கரைந்துவிடும். உடலுக்குள் போன ஆர்சனைட், நொதிகளில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. செல்கள் ஆற்றல் பெறும் வழி அடைபடுகிறது. 1836-இல் வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் ஆர்சனிக்கைக் காட்டும் தன் சோதனையை வெளியிட்ட பிறகுதான் இறந்தவர் உடலில் இதைத் திடமாகக் கண்டுபிடிக்க முடிந்தது. இதே வெள்ளைப் பொருளை ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்கா 2000-இல் ஏற்றது; சித்தர்கள் இதை மருந்துப் பட்டியலில் வைத்ததை நினைக்கும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அண்மைக்காலத்தில் எலிக்கென்று கடையில் விற்ற பசையில் வழக்கமாக ஆர்சனிக் கிடையாது. பெரும்பாலும் மஞ்சள் பாஸ்பரஸ்தான் இருந்தது. பொருள் மாறியும் பெயர் மாறவில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிக்கும். உள்ளே போன ஓரிரு நாள் ஒன்றும் ஆகாதது போலிருக்கும். அதை நம்பாதீர்கள். குழந்தை அந்தப் பசையை வாயில் வைத்ததாகச் சந்தேகம் வந்தால்கூட, பசைக் குழாயையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.