பரண்ல கிடக்குற தாத்தா நாற்காலி... காயலான் கடைக்குப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

காசிமேடு, ராயபுரம் பக்கம் பழைய வீடுகளைக் காலி பண்ணும்போது, குஷன் கிழிஞ்ச ஒரு மர நாற்காலி கண்ணில் படலாம். 1856-ல் திறந்த ரயில் நிலையம், 1910-ல் கட்டிய பார்சி கோயில், பக்கத்திலேயே துறைமுகம் என்று ஆங்கிலோ இந்தியர்களும் பார்சிகளும் வாழ்ந்த ஏரியா இது. அதனால், அந்த நாற்காலியை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒருமுறை கவிழ்த்துப் பாருங்க.

வயசைக் கண்டுபிடிப்பது எப்படி?

* உள்ளே என்ன இருக்கு? தேங்காய் நார், குதிரை முடி, பஞ்சு இருந்தால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஃபோம் பரவலானது 1950-களுக்குப் பிறகுதான். ஆனா, ஃபோம் இருப்பதால் மட்டும் புதுசுன்னு முடிவு பண்ணாதீங்க. யாராவது நடுவில் குஷன் மாத்தியிருக்கலாம். சட்டத்தில் பழைய ஆணி ஓட்டைகள் வரிசை வரிசையாக இருக்கான்னு பாருங்க.
* ஸ்க்ரூ: தலையில் கூட்டல் குறி இருந்தால், அந்த ஸ்க்ரூ 1930-களுக்கு முந்தையது இல்லை.
* மரம்: 'பர்மா தேக்கு'ன்னு யாரும் சொல்லிடலாம். பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்க. வெளியே மட்டும் தேக்கு நிறம், உள்ளே வெளுத்த மரம்னா உஷார்!

சரிசெய்வது எப்படி?

முதலில் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க. துணியைக் கிழிக்காமல், ஒவ்வொரு அடுக்காகக் கழற்றுங்க. புதுத் துணி வெட்ட அதுதான் அளவு.

ஆடுற மூட்டில் ஆணி அடிக்கவே கூடாது, மரம் பிளந்துடும். காசிமேட்டில் வஞ்சிரம்னா மீன். ஆனா, பழைய தச்சர்களுக்கு அது தோலிலும் எலும்பிலும் காய்ச்சுற பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகிடும். பழைய பசையைச் சுரண்டிட்டு, புதுசு தடவி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒருநாள் விடணும்.

அடுத்து பாலிஷ். உப்புத்தாளைத் தொடாதீங்க! பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைச்சு, மறைவான இடத்தில் தேய்ங்க. பிசுபிசுன்னு வந்தால் அது அரக்கு பாலிஷ். சுத்தம் பண்ணி, மேலே மெல்லிசா ஒரு கோட் அடித்தாலே போதும். பல வருஷம் கைபட்டு ஏறிய பளபளப்பைச் சுரண்டிட்டா, பணம் கொடுத்தாலும் திரும்ப வராது. ஸ்பிரிட் சட்டுனு தீப்பிடிக்கும், அடுப்புப் பக்கம் வேண்டாம்.

கடைசியாக இருக்கை. சணல் பட்டையைப் பாய் மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்னி இழுத்து அடிக்கணும். அதன்மேல் ஸ்பிரிங், நார், பஞ்சு, துணி. கடற்காற்றில் சாதா இரும்பு ஆணி சீக்கிரம் துருப்பிடிச்சு துணியில் கறை ஏத்தும். வெளியே தெரியுற இடத்துக்கு பித்தளைக் குமிழ் ஆணி, உள்ளே துருப்பிடிக்காத ஸ்டீல் ஆணி கேளுங்க.

குஷன் கடையில் கொடுக்கும்போது, "பழைய நாரை எடுத்துட்டு ஃபோம் வைக்காதீங்க. நல்லா இருக்குற நாரை உதறி, காயவெச்சு திரும்பப் போடுங்க"ன்னு முதலிலேயே சொல்லிடுங்க. மரத்துக்குக் கீழே மாவு மாதிரி கொட்டினால், பூச்சி இருக்குன்னு அர்த்தம். அதைச் சரிபண்ணாமல் புதுத் துணிக்குச் செலவு பண்றது வீண்!